டத்தோவின் காலைத் தீனி

பத்தொன்பது மணி நேரமாக டத்தோ தலையைத் தூக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நிவேந்திரன் வேலை முடிந்து வந்தபோது, அது கண்ணாடித் தொட்டியின் மூலையில் தாடையைத் தரையில் வைத்துக் கிடந்தது. பின்னங்கால் விரல்கள் மட்டும் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன. இப்போது சனிக்கிழமை காலை மணி ஒன்பது. விரலில் இருந்த துடிப்பு இடுப்புவரை ஏறியிருந்தது.

டத்தோ ஓர் ஓணான். வேலியில் ஓடுகிற ஓணான் இல்லை, ஆஸ்திரேலியப் பாலைவனத்து இனம். மூக்கிலிருந்து வால்நுனிவரை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கோபம் வந்தால் கழுத்துத் தோலை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். அப்போது தாடி வைத்த பெரிய மனிதர் மாதிரி இருக்கும். கல்லின்மேல் ஏறி நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் சட்டை செய்யாமல் அது உட்காரும் தோரணையைப் பார்த்துத்தான், மலேசியாவில் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற டத்தோ பட்டத்தை நிவேந்திரன் அதற்குப் பெயராக வைத்தான். பக்கத்துத் தொட்டியில் இருந்த பெண் ஓணானுக்கு, டத்தோவின் மனைவியை அழைக்கிற டத்தின் என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஊசியில்லாத சிரிஞ்சில் கால்சியம் மருந்தை எடுத்து அவன் டத்தோவின் வாயோரம் ஒரு சொட்டு வைத்தான். மற்ற நாளாக இருந்தால் நாக்கை நீட்டி நக்கியிருக்கும். சொட்டு வழிந்து அவன் விரலில் இறங்கியது.

"கால்சியம் கொறைச்சல்தான், வேற ஒண்ணும் இல்ல," என்றான். யாரும் கேட்கவில்லை. "பல்ப மாத்தியிருக்கணும். டத்தினோட பல்ப மாத்துனேன். இவனோடத கல்யாணம் முடியட்டும்னு விட்டேன். அப்படியே மறந்துபோச்சு லா."

கல்யாணம் என்றால் அவனுடைய கல்யாணம். நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்தது. மணப்பெண் தாரணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் வளர்கிற ஓணானுக்கு அந்தப் பல்புதான் வெயில். அதன் கதிர் குறைந்தால் தின்கிற கால்சியம் உடம்பில் சேராது. விரல் துடிக்க ஆரம்பிக்கும். அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. தாரணி உயிர்வேதியியல் படித்தவள், செம்பனை எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் விரல் துடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காரணம் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவளுக்கும் அவள் மாமியார் ராமாத்தாளுக்கும் மட்டும்தான் தெரியும். சொன்னால் டத்தோ ஒருவேளை பிழைக்கும். சொன்னபிறகு அம்மாவும் மகனும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.

"மலாக்கா கிளினிக் ஒரு மணிக்குச் சாத்திருவாங்க. கெளம்பு," என்றான் நிவேந்திரன்.

சுங்கை ரம்பாயில் அவர்களுடையது வரிசை வீடு. பின்பக்கம் சமையலறையை ஒட்டித் தகரக் கூரை இறக்கி, அதன்கீழ் மூடி போட்ட கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளை நிவேந்திரன் அடுக்கி வைத்திருந்தான். தொட்டிக்குள் முட்டை அட்டைகள் செங்குத்தாக நிற்கும். அவற்றின் இடுக்குகளில் டூபியாக் கரப்பான்கள். இவை வழவழப்பான சுவரில் ஏறத் தெரியாதவை, பறக்காதவை, முட்டை போட்டுவிட்டுப் போகாமல் குட்டியாகவே ஈனுபவை. கோழித் தவிடு, கேரட், பரங்கிக்காய் என்று நல்ல சாப்பாடு. அவை தின்பது நன்றாக இருந்தால்தான் அவற்றைத் தின்கிற ஓணானும் நன்றாக இருக்கும் என்பது நிவேந்திரனின் கணக்கு. டத்தோவுக்கும் டத்தினுக்கும் போக மிச்சத்தை மற்ற ஓணான்காரர்களுக்கு விற்றான்.

"ஊரெல்லாம் கரப்பானச் செருப்பால அடிக்குது. என் மவன் அதுக்குக் கேரட்டு சீவிப் போடுறான்," என்று ராமாத்தாள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். சொல்லும்போது பாதி சலிப்பு, பாதி பெருமை.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். பூச்சி மருந்து கூடாது. ஸ்ப்ரே கூடாது, கொசுவத்திச் சுருள்கூடக் கூடாது. கரப்பானுக்கு ஒட்டினால் ஓணானுக்குப் போகும் என்று நிவேந்திரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அதன் பலனாக, வளர்க்காத கரப்பான்களும் சாக்கடை வழியாக வந்து சமையலறையில் குடியேறிவிட்டன. செம்பழுப்பு நிறம், நல்ல ஓட்டம். அவற்றை அடிக்க ராமாத்தாளிடம் இருந்த ஒரே ஆயுதம் விளக்குமாறு.

போன ஞாயிற்றுக்கிழமை தாரணியின் அப்பா அம்மாவும் பெரியம்மா மலர்க்கொடியும் ஜாசினிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார்கள். வாழையிலை போட்டு, சோறு வைத்து, ராமாத்தாள் நண்டுக் குழம்பை ஊற்ற வந்த நேரத்தில், பெரியம்மாவின் இலைக்கு அடியிலிருந்து ஒன்று வெளியே வந்து மீசையை ஆட்டியது.

பெரியம்மா இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சம்பந்தி, இது வளக்குறதா, தானா வந்ததா? வளக்குறதுன்னா சொல்லுங்க, மிதிக்காம இருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நிவேந்திரன்தான் அதிகம் சிரித்தான். "அது ஓசிக் கேசு பெரியம்மா, மிதிங்க!"

ராமாத்தாள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தாரணி பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குக் கிளம்பினாள். ராமாத்தாள் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கப்பூர் செமுட் ஒரு பெட்டி வாங்கிட்டு வா. அவன்கிட்டச் சொல்லாத."

கப்பூர் செமுட் என்பது பார்ப்பதற்குப் பள்ளிக்கூடச் சாக்கட்டிதான். கோடு கிழித்தால் எறும்பும் கரப்பானும் அதைத் தாண்டியதும் மல்லாந்துவிடும். பெட்டியில் சீன எழுத்தும், காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கும் கரப்பான் படமும் இருந்தன. உள்ளே என்ன மருந்து என்று தாரணி பெட்டியின் ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். போடவில்லை. அப்படிப்பட்ட பொருளை வாங்கக் கூடாது என்று படித்த படிப்பு சொன்னது. ஆனாலும் வாங்கினாள். நான்கு மாதமாக ராமாத்தாள் அவளிடம் நேராக எதையும் கேட்டதில்லை. "அவளச் சாப்புடச் சொல்லு", "அவ துணிய எடுத்தாச்சான்னு கேளு" என்று எல்லாம் மகன் வழியாகத்தான். முதல்முறையாக நேராக வந்த வார்த்தையைத் தட்டிவிட அவளால் முடியவில்லை.

நிவேந்திரன் குளிக்கப் போன நேரத்தில் இருவரும் சமையலறையில் குந்தினார்கள். தாரணி அரிசிப் பாத்திரத்தை நகர்த்தினாள். ராமாத்தாள் அடுப்பு மேடையின் கீழும் சாக்கடை ஓட்டையைச் சுற்றியும் கோடு கிழித்தாள். கரப்பான் தொட்டிகள் இருந்த பக்கம் போகவே இல்லை. அந்த அளவுக்கு மகனுடைய சட்டத்தை அவள் மதித்தாள்.

"நமக்குள்ள இருக்கட்டும் அம்மாடி," என்றாள் எழும்போது, தாரணியின் தோளைப் பிடித்துக்கொண்டு.

அம்மாடி என்ற அந்தச் சொல்லை தாரணி மறுநாள் வேலையிலும் இரண்டு முறை நினைத்துக்கொண்டாள்.

நிவேந்திரன் காலை ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்பிவிடுவான். அதனால் ஓணான்களுக்குக் காலைத் தீனி போடுவது ராமாத்தாளின் பொறுப்பு. போன மாதம் அவன் தொழிற்சாலைக்குப் பக்கமாக ஆயர் கெரோவில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். தினமும் இவ்வளவு தூரம் ஓட முடியவில்லை, இதுகளுக்கும் நேரத்தில் தீனி போட முடியவில்லை என்றான். அன்றைக்குத்தான் ராமாத்தாள், "தீனி நான் போடுறேன். அதுக்காக எல்லாம் வீடு மாறுவாங்களா?" என்று இடுக்கியைக் கையில் வாங்கினாள். அதுவரை அவள் அந்தத் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. டத்தின் ஒருமுறை அவள் விரலைக் கவ்வப் பார்த்தது. அதற்கு எட்ட நின்று இடுக்கியால் மட்டும் போடுவாள். டத்தோவிடம் பேச்சு உண்டு.

"வாங்க பெரியவரே. என்னா பார்வ? கறி இல்ல, இதான் இருக்கு."

புதன்கிழமை காலை சமையலறைத் தரையில் நான்கைந்து கரப்பான்கள் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. ராமாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெருக்கித் தள்ளப் போனவள் யோசித்தாள். நல்ல கொழுத்த கரப்பான்கள். மகன் காசு கொடுத்துத் தவிடு வாங்கி வளர்க்கிறான். இவை சும்மா கிடக்கின்றன. அவள் பழைய காகிதத்தில் அள்ளிக்கொண்டுபோய் டத்தோவின் முன்னால் கொட்டினாள். வியாழக்கிழமையும் அப்படியே. மகன் அளந்து வைத்த பங்குக்கு மேல் இது பெரியவருக்குக் கூடுதல் பங்கு.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போதுதான் தாரணி அதைப் பார்த்தாள்.

"அத்தை... அது மருந்து பட்டதாச்சே."

"பட்டது காலுல. அது திங்கிறது ஒடம்ப. நான் கையாலதான அள்ளுறேன், எனக்கு என்னா ஆயிருச்சு? பாரு, புடிக்கவும் அதுக்குச் சொகமா இருக்கு. ஓடவே இல்ல."

டத்தோவின் நாக்கு வெளியே வந்து ஒன்றை ஒட்டி இழுத்தது. மென்றது. வாயோரம் ஒரு கால் கொஞ்ச நேரம் ஆடியது. வெளியே ஆலை வேன் ஹார்ன் அடித்தது. தாரணி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வேனில் உட்கார்ந்து போனில் தேடினாள். அந்த மாதிரிச் சாக்கட்டியில் கலக்கிற மருந்து மனிதருக்குக் கொஞ்சம் விஷம், பல்லி, ஓணான் இனத்துக்கு நிறைய, பூச்சிக்கு மிக நிறைய என்று போட்டிருந்தது. அறிகுறி: துடிப்பு, தள்ளாட்டம், பிறகு கால் விளங்காமல் போதல். சாயந்தரம் வீட்டுக்குப் போனதும் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். போனபோது நிவேந்திரன் தொட்டிக்கு முன்னால் சிரிஞ்சோடு உட்கார்ந்திருந்தான். பல்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

இப்போது, சனிக்கிழமை காலை, அவன் காரை வெளியே எடுக்கப் போனதும் ராமாத்தாள் தாரணியின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தாள். தரை முழுவதும் ஈரமாக இருந்தது. கோடு எதுவும் இல்லை. வாளியில் தண்ணீர் பால்போல் வெளுத்திருந்தது.

"தொடச்சிட்டேன்," என்றாள் ராமாத்தாள். "நீ ஒண்ணும் சொல்லிறாத."

"அத்தை, டாக்டர்கிட்ட மட்டுமாவது..."

"அவன் பல்புன்னுதான சொல்றான்? அவனுக்குத் தெரியாததா? பத்து வருசமா வளக்குறான்." அவள் குரல் இறங்கியது. "இதுதான்னு தெரிஞ்சா அவன் இருக்க மாட்டான்மா. பொட்டியத் தூக்கிருவான். உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருவான். நான் இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்."

கண் கலங்கிய ஆளிடம் எதிர்த்துப் பேசித் தாரணிக்குப் பழக்கம் இல்லை.

"நானும் வர்றேன்," என்று ராமாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கூடைய யாரு புடிச்சிக்கிறது?"

காரின் பின்சீட்டில் ராமாத்தாள் துண்டு விரித்த கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். மெர்லிமாவைத் தாண்டினார்கள். உம்பாய் பக்கம் மீன் கடைகளுக்கு வந்த கூட்டத்தில் வண்டி நின்று நின்று போனது.

"ஒரு பல்பு," என்றான் நிவேந்திரன். "கடையில போயி ஒரு பல்பு வாங்க எனக்கு நேரம் இல்ல. பத்து வருசத்துல ஒண்ணையும் இப்படி விட்டதில்ல."

"பல்பா இல்லாமலும் இருக்கலாம்," என்றாள் தாரணி.

"வேற என்னா? தீனின்னு சொல்வியா? ஒரே தொட்டிக் கரப்பானத்தான் ரெண்டும் திங்குது. டத்தின் ஜம்முன்னு இருக்கா. அப்ப தீனி இல்ல. தண்ணியும் ஒண்ணுதான். பல்பு மட்டும்தான் வேற."

கணக்கு சுத்தமாக இருந்தது. அவனுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் அதில் குறை சொல்ல இடமில்லை. தாரணி கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். ராமாத்தாள் கூடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், கொஞ்சம் மெதுவா ஓட்டு. குழியில விழுறப்ப எல்லாம் இதுக்குத் தூக்கித் தூக்கிப் போடுது."

"அது குழியால இல்லம்மா. அதுவா துடிக்குது."

ராமாத்தாள் கையைத் துண்டுக்குள் விட்டு டத்தோவின் முதுகில் வைத்துக்கொண்டாள். பிறகு மலாக்கா வரும்வரை எடுக்கவில்லை.

கிளினிக்கில் பூனைக் கூண்டுகளுக்கு நடுவே அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்த நாற்காலியில் இருந்த சீனப் பையன் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "செத்துப்போச்சா ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்டான். ராமாத்தாள் கூடையை மூடிக்கொண்டாள்.

மருத்துவர் நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி. எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே பேசினார். டத்தோவை மேசையில் வைத்து, மல்லாத்திவிட்டுப் பார்த்தார். அது திரும்பிக்கொள்ளவில்லை. நான்கு காலும் காற்றில் தனித்தனியாக உதைத்தன. தாரணி அதை இதற்குமுன் பார்த்திருந்தாள், சமையலறைத் தரையில்.

நிவேந்திரன் பல்பைப் பற்றிச் சொன்னான். எத்தனை மாதம் ஆயிற்று என்று சொன்னான். கால்சியம் கொடுத்ததைச் சொன்னான். மருத்துவர் தாடை எலும்பை அழுத்திப் பார்த்தார். முதுகை நீவிப் பார்த்தார்.

"எலும்பு உறுதியாகத்தான் இருக்கிறது. பல்பால் வந்த கோளாறு என்றால் இது கொஞ்சம் மெதுவாக வரும். இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகாது," என்றார். "வீட்டில் பூச்சி மருந்து ஏதாவது?"

"இல்ல டாக்டர். எங்க வீட்ல கொசுவத்திகூடக் கெடையாது."

"பக்கத்து வீட்டில் அடித்தார்களா? கொசுப் புகை?"

"இல்ல."

"உறுதியா?"

"நூறு பெர்சன்ட்," என்றான் நிவேந்திரன்.

மருத்துவர் கையுறையைச் சரிசெய்தார். "அப்படியானால் கால்சியம் ஊசி போட்டுப் பார்க்கலாம். நாளைவரை இங்கே இருக்கட்டும். விஷமாக இருந்தால் வேறு மாதிரி. உடம்பைக் கழுவ வேண்டும், தசை இறுக்கத்தைத் தளர்த்த மருந்து வேண்டும், தோலுக்கடியில் நீர் ஏற்ற வேண்டும். அதற்கு இப்போதே நேரம் கடந்துகொண்டிருக்கிறது. ஆனால் விஷம் இல்லை என்கிறீர்கள்." அவர் ஊசி மருந்தை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார்.

தாரணி ராமாத்தாளைப் பார்த்தாள். ராமாத்தாள் சுவரில் இருந்த நாய் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் கூடையை இன்னும் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

இந்தத் தப்பில் எவ்வளவு தன்னுடையது என்று தாரணி யோசித்தாள். கோடு கிழித்தது தான் இல்லை. அள்ளிப் போட்டதும் தான் இல்லை. அவற்றைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. வாங்கியது மட்டும் தான்தான். அதைச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"டாக்டர்," என்றாள். "வீட்டில் கப்பூர் செமுட் இருக்கு. நான்தான் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை, பசார் மாலாமில்."

மருத்துவர் திரும்பினார். நிவேந்திரன் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இன்னும் வரவில்லை, புரியாமல் நின்றான்.

"என்னா சொல்ற நீ?" என்றான் தமிழில். "நம்ம வீட்லயா? நான் எத்தன தடவ சொன்னேன்? நீ படிச்சவதான?"

"தெரிஞ்சுதான் வாங்குனேன்," என்றாள் தாரணி. "தப்புதான்."

"எங்க போட்ட? தொட்டிகிட்டயா?"

"இல்ல. சமையக்கட்டுல."

"சமையக்கட்டுல போட்டா இவனுக்கு எப்படி வரும்? இவன் தொட்டிய விட்டு எறங்குறதே இல்லையே!"

மருத்துவரும் அதையே மலாயில் கேட்டார். "சமையலறையில் போட்ட சாக்கட்டி இதன் வாய்க்குள் எப்படிப் போனது? அதைத் தின்ற பூச்சி எதையாவது இது தின்றதா? எத்தனை, எத்தனை நாளாக? அதைத் தெரிந்துகொண்டுதான் நான் மருந்து அளக்க முடியும்."

எண்ணிக்கை தாரணிக்குத் தெரியாது. தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான். மேசைமேல் டத்தோவின் வால் ஒருமுறை விறைத்து, தகரத்தில் தட்டி, அடங்கியது.

"சொல்லு தாரணி!" என்று நிவேந்திரன் கத்தினான். "அதுக்கு எதக் குடுத்த?"

"அவளக் கத்தாத."

ராமாத்தாள் எழுந்திருந்தாள். கூடை கீழே உருண்டது, எடுக்கக் குனியவில்லை. மேசையின் மறுபக்கம் வந்து நின்று, மகனைப் பார்க்காமல், டத்தோவின் முதுகில் கையை வைத்தாள்.

"அவளுக்கு அது தெரியாது. வாங்கிட்டு வரச் சொன்னது நான். கோடு போட்டது நான். அதுல விழுந்து ஒதைச்சுக்கிட்டுக் கெடந்த கரப்பானயெல்லாம் வீணாப் போகுதேன்னு அள்ளிக்கிட்டு வந்து, புதன், வியாழன், வெள்ளி, மூணு நாளும், நாலு நாலா, இவனுக்குப் போட்டது நான்தான்டா தம்பி."